தேர்வுக்கு முந்தைய தூரம்

1893-ஆம் ஆண்டின் கடைசியில் சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு மனு புறப்பட்டது. நீளம் 112 அடி. கையெழுத்துப் போட்டவர்கள் 3,412 பேர். அனுப்பியது பறையர் மகாஜன சபை. முன்னின்று நடத்தியவர் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். மனுவின் கோரிக்கை இதுதான்: ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவில் நடத்தாதீர்கள்.

இன்றைக்கு இதைப் படிக்கிற யாருக்கும் முதலில் ஒரு குழப்பம் வரும். அந்தத் தேர்வு அதுவரை லண்டனில் மட்டும்தான் நடந்தது. கப்பல் ஏறிப் போய், அங்கே தங்கிப் படித்து, எழுதித் தேறி வர வேண்டும். இந்தியர்களில் வெகு சிலருக்குத்தான் அது முடிந்தது. அதனால் தேர்வை இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் நடத்தச் சொல்லி காங்கிரஸ் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டுவிட்டது. இந்தியர்களுக்கு நல்லதுதானே? எதற்காக ஓர் இந்தியர் இதை எதிர்க்க வேண்டும்?

சீனிவாசனின் பதில் நேரடியானது. தேர்வு சென்னைக்கு வந்தால் அதில் உட்காரப் போவது யார்? ஏற்கெனவே கல்லூரிக்குள் இருக்கிற சாதிகள்தான். அவர்கள் கலெக்டராகவும் நீதிபதியாகவும் வந்தால், கிராமத்தில் நிலமும் சாதியும் வைத்திருக்கிற அதிகாரத்தோடு அரசாங்க அதிகாரமும் சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவனுக்குத் தேர்வு லண்டனில் நடந்தால் என்ன, மயிலாப்பூரில் நடந்தால் என்ன?

மனுவில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பதவிகள் வெள்ளைக்காரர்களிடமே இருக்கட்டும் என்றுதான் அது போய் முடிகிறது. இந்தியாவில் அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தது 1922-இல். ஆனால் அது எழுப்பிய கேள்விக்கு வயதாகவே இல்லை. தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான், வினாத்தாளும் ஒன்றுதான். அதற்கு முன்னால் நடந்து வர வேண்டிய தூரம் ஒன்றா? அந்தத் தூரத்தைக் குறைக்க ஒரே ஒரு மாவட்டத்தில், பழைய செங்கல்பட்டில், என்னென்ன செய்தார்கள், எது எங்கே நின்றுபோனது என்று பார்த்தாலே, கடந்த 130 வருஷத்துத் தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் பாதி வந்துவிடும்.

மணி அடிக்கும்வரை வெளியே

சீனிவாசன் பிறந்தது 1860 வாக்கில். பிழைப்புக்காக இடம்பெயர்ந்த குடும்பம். கோயம்புத்தூரில் படித்த நாட்களை அவர் 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலில் சில வரிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சில வரிகளே போதும்.

கல்லூரியில் சுமார் 400 மாணவர்கள். அதில் ஒரு பத்துப் பேரைத் தவிர எல்லோரும் பிராமணர்கள். பழகினால் ஊர் எது, உறவு யார் என்று கேட்பார்கள். சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதனால் அவர் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் பக்கத்தில் வருவதற்குள் வேகமாக வீட்டுக்குப் போய்விடுவார். கூடப் படிக்கிற பையன்களோடு விளையாட முடியாத கொடுமையை எப்படித் தாண்டுவது என்பதே அவருடைய யோசனையாக இருந்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. உள்ளே போய்விட்டார், படிக்கவும் செய்தார். ஆனால் கல்லூரி என்றால் பாடம் மட்டுமா? மரத்தடிப் பேச்சு, கடன் வாங்குகிற புத்தகம், ‘இந்த வேலைக்கு மனு போடுடா’ என்று சொல்கிற நண்பன். அந்தப் பாதி கல்லூரி அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் சட்டமன்றத்துக்கும், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் போன ஒருவர், கல்லூரி மைதானத்துக்குப் போக முடியாமல் இருந்தார் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகப் புரியும்.

கலெக்டரின் குறிப்பு

அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் சென்னையைச் சுற்றி வளைத்துக் கிடந்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர், சைதாப்பேட்டை, பரங்கிமலை, அடையாறு எல்லாம் அதற்குள். மிராசுதார்களின் மாவட்டம் அது. ஏரிப்பாசன நிலம் முழுக்க மிராசு குடும்பங்களிடம். அதில் உழைத்தவர்கள் பண்ணையாட்கள், படியாட்கள். அவர்கள் குடியிருந்த சேரி மனைகூடப் பல ஊர்களில் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம்.

1891-இல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை குறித்து ஒரு நீண்ட குறிப்பை அரசுக்கு எழுதினார். கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துத் தலைமுறைக்கும் வேலை செய்கிறவர்கள், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாருக்கு முதல் உரிமை என்று தள்ளப்படுகிறவர்கள் என்று ஊர் ஊராகப் பார்த்ததை எழுதினார். அந்தக் குறிப்பிலிருந்து கிளைத்தவை இரண்டு. ஒன்று, 1892 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட அரசாணை 1010. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம். இன்னொன்று, 1893 பிப்ரவரி 1-ஆம் தேதியிட்ட கல்வித்துறை அரசாணை 68.

முதலாவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பேசவும் வேண்டும். 1994-இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய காகிதம் அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

இரண்டாவது அரசாணையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பெரிய சேரிகளில் தனிப் பள்ளிகள், பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், அந்தப் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சிக்கு வருகிற பஞ்சம மாணவர்களுக்கு உதவித்தொகை என்று அது போனது. மிஷனரிகள் இதைப் பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று கொண்டாடினார்கள்.

இதில் கடைசி அம்சம்தான் முக்கியம். சேரிப் பள்ளிக்கு வந்து பாடம் சொல்லித்தர மற்ற சாதி வாத்தியார்கள் தயாராக இல்லை. அப்படியென்றால் சேரியிலிருந்தே வாத்தியார் வர வேண்டும். வாத்தியார் ஆக வேண்டுமென்றால் பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டும். போகிற வயதில் அந்தப் பையன் வீட்டுக்குச் சம்பாதித்துத் தருகிறவன். அந்தக் கூலி போச்சு என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. எனவே கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் மட்டும் போதாது, அவன் இழக்கிற கூலிக்கும் ஏதாவது தர வேண்டும். ‘இலவசக் கல்வி’ என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கிற செலவு இது. உதவித்தொகை என்பது சலுகை என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, படிப்பதற்காக அந்த வீடு விட்டுக்கொடுத்த கூலிக்கான ஈடு.

அரசு மட்டும் செய்ததில்லை. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ பள்ளிகளோடு நிலத்தையும் சேர்த்தே யோசித்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து மெல்ரோசாபுரம் அவர் உண்டாக்கிய குடியிருப்பு. அடையாற்றில் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1890-களின் நடுவிலிருந்து பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். சீனிவாசனின் மைத்துனரான அயோத்திதாசருக்கும் அவரோடு தொடர்பு இருந்தது. மிஷனரிக்கு மதமாற்றக் கணக்கு, ஆல்காட்டுக்குப் பௌத்தக் கணக்கு, அரசுக்கு வரிக் கணக்கு. இதையெல்லாம் சொல்லி அந்தப் பள்ளிகளைத் தள்ளிவிட முடியாது. அங்கே எழுத்துக் கற்றவர்கள் தங்களுடைய கணக்கைத் தாங்களே போட ஆரம்பித்தார்கள். 1893 அக்டோபரில் சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார் என்றால், அதை வாசிக்க ஆட்கள் உருவாகியிருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

இருந்தாலும் அவை தொடக்கப் பள்ளிகள். அங்கிருந்து கல்லூரிக்கு வழி போடப்படவில்லை.

சோறு, படுக்கை, விளக்கு

பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம்.சி. ராஜா வெஸ்லி மிஷன் பள்ளியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் படித்து ஆசிரியரானவர். 1920-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து அங்கே போன முதல் ஆள். வாத்தியாராக இருந்ததால் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: பையன்கள் பள்ளியில் சேருகிறார்கள், நடுவில் காணாமல் போகிறார்கள். உயர்நிலைப் பள்ளி பத்து மைல் தள்ளி இருக்கும். அந்த ஊரில் வாடகைக்கு இடம் கிடைக்காது. சாதி கேட்பார்கள். ஓட்டலில் சாப்பிட முடியாது. பணம் இருந்தாலும் முடியாது என்பதுதான் விஷயம்.

அதற்கான பதில் விடுதி. 1920-களில் தொழிலாளர் துறை என்ற பெயரில் இயங்கிய அரசுப் பிரிவு, பள்ளிகளோடு விடுதிகளையும் உதவித்தொகைகளையும் கவனித்தது. ‘லேபர் ஸ்கூல்’ என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்துப் பெயர்தான். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளி, விடுதியோடு சேர்ந்தே வளர்ந்தது. பள்ளியும் படுக்கையும் ஒன்றாக இருந்தால்தான் படிப்பு நிலைக்கும் என்று அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

விடுதி என்பது சோறும் படுக்கையும் மட்டுமில்லை. மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்குக் கிடைக்காத பாதிக் கல்லூரி அங்கேதான் கிடைக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஒருவன் கணக்கைச் சொல்லித் தருவான். இன்னொருவன் எங்கே எந்தப் பரீட்சைக்கு விளம்பரம் வந்திருக்கிறது என்று சொல்வான். தமிழ்நாட்டில் முதல் தலைமுறையாகப் படித்து மேலே வந்த யாரிடம் கேட்டாலும் ஒரு ஹாஸ்டல் கதை இருக்கும். அதில் புழு இருந்த சாம்பாரும் இருக்கும், உயிர் நண்பர்களும் இருப்பார்கள்.

அந்தச் சாம்பாருக்குக் காரணமும் கணக்கில் இருக்கிறது. 2023-இல்தான் நலத்துறை விடுதிகளின் மாத உணவுப்படி பள்ளி மாணவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவருக்கு 1,100-இலிருந்து 1,500 ஆகவும் உயர்ந்தது. கல்லூரிப் பையனுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளை. இந்தப் பணத்தில் வயிறு நிறைய வேண்டும், பிறகு கால்குலஸும் புரிய வேண்டும்.

பதினான்கு இடங்கள்

படித்து முடித்தாலும் கல்லூரி வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது அடுத்த பிரச்சினை. நீதிக்கட்சி ஆட்சியில் 1921, 1922-இல் வந்த வகுப்புவாரி ஆணைகள் அரசு வேலைகளுக்கானவை. பிறகு அதே முறை மருத்துவ, பொறியியல் கல்லூரிகளுக்கும் வந்தது. சுதந்திரத்தின்போது இருந்த கணக்கு இது: ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

1950-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வழக்குப் போட்டவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது விசாரணையில் தெரிந்த ஒரு விநோதம். தமிழ்நாடு கொந்தளித்தது. இரண்டே மாதத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. இந்தியா முழுக்கக் கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு இன்றும் கால் ஊன்றி நிற்கிற இடம் அதுதான்.

செங்கல்பட்டில் 1965-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. இடஒதுக்கீடும் உள்ளூர்க் கல்லூரியும் சேர்ந்தபோது, இதுவரை டாக்டரை நோயாளியாக மட்டுமே பார்த்த குடும்பங்களிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். சரி, பிரச்சினை தீர்ந்ததா?

இடம் உண்டு, பணம்?

1942 அக்டோபரில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அரசுக்கு ஒரு நீண்ட மனுக் கொடுத்தார். பட்டியல் சாதியினர் சட்டமும் கலையும் படித்தால் மட்டும் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும். அவை செலவு பிடித்தவை, அரசு உதவாமல் எங்கள் பிள்ளைகள் எட்டவே முடியாது என்பது வாதம். அவருக்கே அது தெரியும். 1913-இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்திராவிட்டால் கொலம்பியா பல்கலைக்கழகம் இல்லை. மனுவின் விளைவாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்றைய போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்.

இடமும் பணமும் தனித்தனியாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு உதாரணம் இருக்கிறது. தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு 1984-இல் வந்தது. அது பயிற்சி மையம் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாதகம் என்று சொல்லி 2007-இல் தமிழ்நாடு அதை எடுத்துவிட்டது. பிறகு நீட். பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் எடுத்த, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 2017 செப்டம்பர் 1-இல் இறந்தார். 112 அடி மனு கேட்ட அதே கேள்வி, அதே மாநிலத்தில், இன்னொரு முறை.

அரசுப் பள்ளி மாணவர்களில் அதற்கு முந்தைய ஆண்டு மருத்துவம் சேர்ந்தவர்கள் 6 பேர் என்று அன்றைய முதல்வரே சொல்லி, 2020-இல் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தார். நீட் எழுத வேண்டும், ஆனால் தங்களைப் போன்ற பள்ளியில் படித்தவர்களோடு மட்டும் போட்டி. டெக்சாஸ் மாநிலத்தில் 1997 முதல் இதே தர்க்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறது: எந்தப் பள்ளியானாலும் அதில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். ஒருவர் எங்கே வந்து சேர்ந்தார் என்பதோடு, எங்கிருந்து கிளம்பினார் என்பதையும் அளக்கிற முறை.

முதல் ஆண்டே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து 405 இடங்கள். ஆறு எங்கே, 405 எங்கே! ஆனால் கலந்தாய்வில் நடந்ததைப் பாருங்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில மாணவர்கள், அந்தக் கட்டணத்தைக் கேட்டதும் இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் கட்டணத்தை அரசே செலுத்தும் என்ற அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கு முன்னால் இடத்தை விட்டவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. சில நாள் வித்தியாசம். 1893-இல் ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை சேர்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது 2020-இல் எப்படி மறந்துபோனது?

2021-இல் 7.5 சதவீதம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் நீண்டபோது, கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. 2022-இல் இன்னொரு நல்ல திருப்பம். ஏழைப் பெண்களின் திருமணத்துக்குத் தாலித் தங்கம் தந்துகொண்டிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ ஆனது. கல்யாணத்துக்கு எடுத்துவைத்த காசை வீட்டில் படிப்புக்கு எடுத்துக் கொடுப்பார்களே, அதை ஒரு அரசாங்கம் செய்தது.

பூஞ்சேரி

இப்போது கடற்கரைப் பக்கம் போவோம். மாமல்லபுரத்தை ஒட்டியது பூஞ்சேரி. அங்கே இருளர்களும் நரிக்குறவர்களும் வசிக்கிறார்கள். 2021-இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் உட்கார விடாமல் எழுப்பிவிடப்பட்ட ஒரு நரிக்குறவர் பெண் பேசிய வீடியோ எல்லாருடைய போனிலும் ஓடியது. அந்த ஆண்டு தீபாவளியன்று முதல்வர் பூஞ்சேரிக்கு நேரில் வந்து பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார்.

சாதிச் சான்றிதழை முதல்வர் வந்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பழங்குடிச் சான்றிதழை ஆர்.டி.ஓ. தர வேண்டும். விசாரணை உண்டு. பெற்றோரின் சான்றிதழ் கேட்பார்கள், அப்பாவுக்கு இருந்தால்தானே? வயலிலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இடம் மாறி மாறி வேலை செய்த குடும்பத்தில் காகிதம் எங்கே தங்கும்? இதே கடற்கரையில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தில் பெரும் பங்கு அவர்கள் கையிலிருந்து போகிறது. 2023-இல் இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அறிவை நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. அவர்கள் பிள்ளை இருளர்தான் என்று ஒப்புக்கொள்ளத்தான் தாலுகா ஆபீசுக்கு இத்தனை நடை.

தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு 1 சதவீத ஒதுக்கீடு. ஐ.ஐ.டி.யில் 7.5 சதவீதம். 2023 தொடக்கத்தில் நரிக்குறவர்களும் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். சட்டப்படி கதவுகள் திறந்தே இருக்கின்றன. சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அந்த எண்கள் எல்லாம் வெறும் எண்கள்.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும்

கடந்த இருபது வருஷத்தில் இந்தக் கடற்கரைக்கு இன்னொரு வேடிக்கை நடந்திருக்கிறது. சேர்வதற்குக் கடினமான கல்லூரிகள் ஒவ்வொன்றாகப் பக்கத்திலேயே வந்துவிட்டன. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம். மேலக்கோட்டையூரில் மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். மாமல்லபுரத்திலேயே 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு என்று குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிற வீட்டுப் பிள்ளை, கப்பல் அதிகாரி ஆக்குகிற பல்கலைக்கழகத்தைப் பஸ் ஜன்னல் வழியே தினம் பார்க்கலாம்.

பார்க்கிறதும் சேர்கிறதும் ஒன்றா? ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு தேர்வு. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கடைசித் தேதி. மீனவர் தமிழ்நாட்டுப் பட்டியலில் மிகப் பிற்படுத்தப்பட்டோர். மத்திய அரசுக் கல்லூரிக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது, ஓ.பி.சி. - கிரீமி லேயர் அல்லாதவர் என்று மத்திய அரசு படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இது தெரியாமல் கவுன்சலிங்கில் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்டால் பிறகு அழுது பிரயோஜனமில்லை.

கட்டணம் பற்றியும் அப்படித்தான். 2016-இல் ஐ.ஐ.டி. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சமாக உயர்ந்தது எல்லோருக்கும் தெரியும். அதே அறிவிப்பில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைந்தவர்களுக்கும் முழு விலக்கு, 5 லட்சம்வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்று இருந்தது வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போனால் இளங்கலைச் செலவை மாநில அரசே ஏற்கும் என்று 2022 பட்ஜெட்டில் சொன்னார்கள். இருந்தும் ‘அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுப்பா’ என்ற ஒற்றை வரியில் பல விண்ணப்பங்கள் போடாமலே முடிந்துவிடுகின்றன.

கடைசி அடியிலும் தடுக்கலாம். 2024-இல் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தலித் மாணவர், ஐ.ஐ.டி. தன்பாத்தில் இடம் வாங்கினார். இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஊரில் கடன் வாங்கிச் சேர்த்துக் கட்டப் போகும்போது நேரம் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் அவருக்கு இடத்தை மீட்டுக் கொடுத்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 17,500 ரூபாய்க்காக உட்கார வேண்டியிருந்தது.

இந்தக் கடைசித் தூரத்துக்குச் சட்டம் போட முடியாது. ஆள்தான் வேண்டும். இன்று மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிப்பவர்களைத் தங்கவைத்து, இந்தத் தேர்வுகளுக்குத் தயார்ப்படுத்தி, விண்ணப்பமும் போடவைக்கிறார்கள். பழைய விடுதியின் புதிய வடிவம் அது. ஆனால் அதற்குள் வர முடிவது சிலரால்தான். மிச்சம் இருக்கிறவர்களுக்கு ஒரு வாத்தியாரோ, அதே ஊரில் முதலில் கல்லூரிக்குப் போன அக்காவோதான். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அந்தப் பிள்ளையோடு தாலுகா ஆபீசுக்குப் போய், சரியான படிவத்தைக் கேட்டு வாங்கி, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போன் பண்ணி ‘கட்டியாச்சா?’ என்று கேட்கிற ஒருவர்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த அக்காவோ அண்ணனோ ஆகிற வயதில் இருக்கிறீர்கள். ஏதோ ஒரு பரீட்சை எழுதி எங்கேயோ சேர்ந்திருப்பீர்கள். எந்தப் படிவம், எந்தத் தேதி, எந்தக் கட்டணத்துக்கு விலக்கு என்பது உங்களுக்கு இப்போது சாதாரண விஷயம். கோயம்புத்தூரில் மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவருக்கு இந்தச் சாதாரண விஷயங்களைச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லை.